கடை முதலாளியும் கடை ஊழியரும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

அவைத்தலைவர் அவர்களே, சங்கத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, கடையடைத்த கையோடு இங்கு வந்து பின்புறத்தே நிற்கும் இளைஞர்களே,

முதலாளிக்கும் ஊழியர்க்கும் உள்ள உறவு இக்காலத்தில் அடைந்துவரும் மாறுதல்பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் எம்மைப் பணித்தனர். யாம் பள்ளியில் தமிழ் கற்பிப்பவரேம். கடை வைத்து நடத்தியதுமில்லை; கடையில் நின்று பொட்டலம் கட்டியதுமில்லை. இப்பொருளில் பேச எமக்கு யாது உரிமை என்று யாரேனும் வினவின், கடைக்குச் சென்ற தமையனார் தீபாவளிதோறும் ஊருக்கு அனுப்பிய பணத்தில் புத்தகம் வாங்கிப் படித்த தம்பி யாம் என்பதொன்றே எம் விடை.

இம்மண்டபத்தை ஒருமுறை நோக்குமின். முன்வரிசை நாற்காலிகளில் முதலாளிமார் அமர்ந்திருக்கின்றனர். பின்னே இளைஞர் நாற்பதின்மர் வரை நிற்கின்றனர். நாற்காலி போதவில்லை என்று வரவேற்புக் குழுவினர் வருந்திக் கூறினர். அதனை யாம் குறையாகக் கூறவில்லை. எனினும் இந்நாற்காலிபற்றிப் பின்னர் ஒரு செய்தி கூறவேண்டியிருத்தலின் இப்பொழுதே குறித்துவைத்தேம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். தமிழாசிரியர்க்கு இஃதொரு பழக்கம், பொறுத்தருள்க. 'முதலாளி' என்பதில் முதல் என்பது வாணிகத்தில் இட்ட பொருள். அதனை ஆள்பவர் முதலாளி. தொழிலை ஆள்பவர் தொழிலாளி. ஒருவர் பொருளை ஆள்கின்றார்; மற்றவர் தொழிலை ஆள்கின்றார். ஒருவர் மற்றவரை ஆள்கின்றார் என்னும் கருத்து இவ்விரு சொற்களுள் யாண்டும் இல்லை. அதனைக் குறிக்க ஆண்டான், அடிமை என்னும் வேறு சொற்கள் நம் மொழியில் உள. அவை நம் கடைத்தெருவிற்கு உரியனவல்ல. இனி, 'ஊதியம்' என்னும் சொல்லைத் திருவள்ளுவனார் இலாபம் என்னும் பொருளில் ஆண்டனர். இன்று அது வேலைக்குரிய சம்பளத்தைக் குறிக்கின்றது. இலாபத்தைக் குறித்த சொல் தொழிலாளி பக்கம் வந்து சேர்ந்ததுபோல இலாபத்திலும் சிறிது வந்து சேர்ந்திருப்பின் இன்று யாம் பேசுதற்குப் பொருள் குறைந்திருக்கும்.

ஆனால், நம் கடைகளில் நெடுங்காலம் வழங்கிய சொல் இவற்றுள் ஒன்றுமன்று. 'அண்ணாச்சி' என்பதே அச்சொல். கடைக்காரரைக் கடைப்பையன் அண்ணாச்சி என்றான். வாங்க வந்தவரும் அண்ணாச்சி என்றனர். தென்மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் சென்று பலசரக்குக் கடை வைத்த நம்மவர், ஆள் வேண்டியபொழுது செய்தித்தாளில் விளம்பரம் செய்தாரில்லை. ஊருக்குக் கடிதம் எழுதினர். அக்காள் மகன், ஒன்றுவிட்ட தம்பி, அடுத்த தெருப் பங்காளியின் மூன்றாம் பிள்ளை என்று பையன்கள் இரயிலேறினர். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையனுக்கு முதலில் பொட்டலம் மடிக்கக் கற்பித்தனர். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, பருப்பை அளவாகக் கொட்டி, மேல்வாயை மடித்துச் சணல் நூலை நான்கு சுற்றுச் சுற்றி அறுத்தல் வேண்டும். நூல் வீணாகவும் கூடாது, பொட்டலம் வீட்டுக்குப் போகும்வரை அவிழவும் கூடாது. ஓராண்டு கழிந்தபின் தராசு. சில ஆண்டு கழித்துக் கொள்முதலுக்கு உடன் செல்லுதல். கல்லாப் பெட்டியின் அருகே அமர்தல் எல்லாவற்றிற்கும் பின்னர். இரவில் கடையுள்ளேயே மூட்டைகளின்மேல் படுக்கை. உணவு அண்ணாச்சி வீட்டில்.

சம்பளமோ கையில் கொடுக்கப்படுவதில்லை. மாதம் இவ்வளவு என்று வாய்ச்சொல்லால் பேசி, அதனை அண்ணாச்சி தம் கணக்கிலேயே வைத்துக்கொள்வார். ஊருக்கு அனுப்பிய தொகை, துணிமணி, மருந்துச் செலவு ஆகியன பற்று. பையன் இளைஞனாகித் திருமணத்திற்கு உரியவனானபொழுது எஞ்சிய தொகையோடு தாமும் சிறிது சேர்த்துச் சிறு கடையொன்று வைத்துக் கொடுப்பார். இங்ஙனம் கடைப்பையனாய்ச் சென்று கடைக்காரர் ஆனவர் இம்முன்வரிசையிலேயே பலர் உளர். அவர்தம் பையன்களும் அவ்வாறே கடைக்காரர் ஆயினர். இம்முறையை இழிவென்று தள்ளுவோர் இதன் பயனை அறியாதவர். முதல் இல்லாதவனுக்கு முதல் சேர்த்துக் கொடுத்த ஏற்பாடு இது. வங்கி அந்நாளில் அவனை வாயிற்படியும் மிதிக்க விட்டிராது.

இனி இதன் மறுபுறம். எம் தமையனார் 1984-ஆம் ஆண்டு தம் பதின்மூன்றாம் வயதில் சென்னையில் ஒரு கடைக்குச் சென்றார். கடைக்காரர் எமக்குத் தாய்வழியில் தூரத்து உறவினர்; நல்லவர். தமையனார்க்குக் காய்ச்சல் கண்டபொழுது அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று இரவு உடனிருந்து கண்விழித்தவர். விடியுமுன் கொத்தவால் சாவடிக்குச் சென்று காய்கறி எடுத்து வருவதும், இரவு பதினொரு மணிக்குக் கடைப்பலகை அடைப்பதும் தமையனார்க்குப் பதினோராண்டு நடந்தன. தொடக்கத்தில் மாதம் 100 ரூபாய். முடிவில் 700 ரூபாய். பற்றுப் போக 38,000 ரூபாய் வரையில் நிற்பு இருத்தல் வேண்டும் என்பது தமையனாரும் அண்ணாச்சியும் வாய்மொழியாக ஒத்துக்கொண்ட கணக்கு. வரும் தையில் கடை பார்ப்போம் என்று அண்ணாச்சி கூறியிருந்தார். 1995-ஆம் ஆண்டு ஐப்பசியில் அவர் மார்வலி கண்டு ஒரே இரவில் இறந்தனர்.

மக்கள் மூவர் சொத்தைப் பங்கிட்டனர். பேரேட்டில் எம் தமையனார் பெயர்க்கு ஒரு பக்கமும் இல்லை. தினச்சிட்டைகளின் ஓரங்களில் அண்ணாச்சி கிறுக்கிவைத்த எண்கள் சில இருந்தன. எது எதற்குரியது என்று அவர் ஒருவரே அறிவார். மூத்தவர் கூறிய சொற்கள் எமக்கு இன்றும் நினைவில் உள்ளன. "அப்பா உன்னைப் பெற்ற பிள்ளை போலத்தானே வளர்த்தார். பிள்ளைக்குக் கணக்கு ஏது?" என்றார். 10,000 ரூபாயும் ஒரு வேட்டியும் கொடுத்தனர். தமையனார் ஒன்றும் பேசாது வாங்கிக்கொண்டார். அவ்வூர்ச் சங்கப் பெரியோரிடம் எம் தந்தையார் சென்று முறையிட்டபொழுது, "எல்லாரும் ஒரே குலத்தார், வெளியே தெரிந்தால் நமக்குத்தான் இழிவு, விட்டுவிடுங்கள்" என்றனர்.

அப்பொழுது யாம் சிறுவரேம். வாய் திறக்க இடமில்லை. இன்று திறக்கின்றேம். பிள்ளையாயின், பாகப்பிரிவினையில் பங்கு எங்கே? ஊழியனாயின், கூலி எங்கே? பங்கு கேட்டால் ஊழியன் என்பதும், கூலி கேட்டால் பிள்ளை என்பதும் எவ்வூர் வழக்கு? அம்மூவரும் கொடியவரல்லர் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். தந்தையார் வாக்குக் கொடுத்ததை அவர் அறியார்; அறிந்தவற்றிற்குச் சான்று இல்லை. உறவு என்னும் ஒன்றையே நம்பி எழுத்தை விட்டதனால் வந்த கேடு இது. உறவு அண்ணாச்சியோடு இறந்துபட்டது. எழுத்து இருந்திருப்பின் அவருக்குப் பின்னும் நின்றிருக்கும்.

உறவினரிடத்து எழுத்து வேண்டுவது அன்பின்மை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். நகரத்தாரை நோக்குமின். பர்மா, மலாய், இலங்கை எனக் கடல்கடந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய அவ்வணிகர் தம் கடைகளுக்குத் தம் இனத்து இளைஞரையே பெரும்பாலும் அனுப்பினர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிமுறை வகுத்தனர். மூன்றாண்டு அளவிலான தவணை. தவணைச் சம்பளம் முன்னரே பேசப்படும். மேலாளுக்கு அதிகாரம் எழுத்தில் வழங்கப்படும். தவணை முடிந்து ஊர் திரும்பியவுடன் கணக்கு ஒப்படைக்கப்படும். ஒரு குலத்தார், ஒரு கோயிலார், பெண் கொடுத்துப் பெண் எடுப்போர், ஆயினும் எழுதினர். இரங்கூனில் உள்ள கடையைச் செட்டிநாட்டில் இருந்து நடத்துவது எழுத்தில்லாமல் இயலாது என்பது உண்மையே. நம் கடைகளோ அண்ணாச்சியின் கண்ணெதிரில் நடந்தமையின் அவ்வருத்தம் நமக்கு நேரவில்லை. அதனால் அப்பழக்கமும் வரவில்லை.

திருக்குறளின் அதிகார வைப்பில் எமக்கு நெடுநாளாக ஒரு வியப்பு உண்டு. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல், சுற்றந்தழால் என்னும் மூன்றும் 51, 52, 53-ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. வேலைக்கு ஆளை ஆராய்ந்து தேர்தலும் அவனிடம் வேலையை ஒப்படைத்தலும் வேறு. சுற்றத்தைத் தழுவிக்கொள்ளுதல் வேறு. அடுத்து நின்றும் அவை ஒன்றாய்க் கலக்கவில்லை. அன்புடைமை ஒன்றே பற்றி அறிவில்லாதவனைத் தெளிவது பேதைமை என்று அவ்வாசிரியரே கூறுகின்றார். அதே அதிகாரத்தில், சுற்றமில்லாதவரைத் தெளிதலும் ஆகாது, அவர் பழிக்கு நாணார் என்றும் கூறுகின்றார். ஆகவே உறவு பயனற்றது என்பது அவர் கருத்தன்று. பழிக்கு அஞ்சும் அச்சத்தை உறவு தரும் என்பதே. அவ்வச்சம் ஊழியனுக்கு மட்டுமோ, முதலாளிக்கும் உண்டோ என்பதை உரைகளில் தேடினேம், கிடைக்கவில்லை. அரசனுக்குக் கூறிய நூலாதலின் அரசன் பக்கமே நின்று கூறிற்று போலும்.

இனி வெளியுலகில் நிகழ்ந்ததைச் சிறிது கூறுவாம். 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுவே என்பர். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்க்காக அதனைத் தொடங்க முன்னின்றவர் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்னும் வணிகர் இருவர். ஆலையருகே வாழ்ந்த வணிகர். தொழிலாளர் தம் குறைகளை அவர்களிடத்துச் சொல்லி வருந்தினர். பி. பி. வாடியா தலைவராயினர், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவராயினர். திரு. வி. க. அதற்கு முந்திய ஆண்டு வரை இராயப்பேட்டையில் பள்ளித் தமிழாசிரியர். எம் தொழிலோர் ஒருவர் அங்கு இருந்தார் என்பதில் எமக்குப் பெருமை உண்டு; வணிகர் இருவர் இருந்தனர் என்பதில் உங்கட்கும் உண்டாகுக. வாடியாவின்மீதும் சங்கத்தார்மீதும் ஆலையார் உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டுத் தடையாணை பெற்றனர். கூலி உயர்த்துக என்று தொழிலாளரைக் கூட்டுவதே குற்றமாய் முடியும் நிலை அந்நாளில் இருந்தது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்த பின்னரே அந்நிலை நீங்கிற்று.

1921-ஆம் ஆண்டு அவ்வாலைகளில் நடந்த வேலைநிறுத்தம்பற்றி ஒன்று கூறாமல் விடுதல் ஆகாது, நாம் கூடியிருப்பது ஒரு குலத்தின் சங்கமாதலின். தொழிலாளருள் ஆதிதிராவிடர் ஒருசாரார் வேலைக்குச் சென்றனர், ஏனையோர் நின்றனர். கூலிபற்றிய பூசல் சாதிப் பூசலாய் மாறிற்று; புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன; துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. ஒரு குலத்தார் என்பது கூலியைக் கேளாதிருக்கச் செய்யும் என்பதை எம் தமையனார் கதையிற் கண்டோம். வேறு குலத்தார் என்பது சேர்ந்து கேட்க விடாது செய்யும் என்பதை இங்குக் காண்கின்றோம்.

ஆலைக்கு வந்த சட்டம் கடைக்கு வரச் சிறிது காலம் சென்றது. 1947-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் இயற்றப்பட்டது. நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி வேலை, வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை, ஆறு திங்கள் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றியும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய சம்பளமோ இன்றியும் நீக்கலாகாது என்பன அதிலுள்ள ஏற்பாடுகளுட் சில. எம் தமையனார் கடைக்குச் சென்றபொழுது இச்சட்டத்திற்கு வயது முப்பத்தேழு. அது தமையனார்க்குத் தெரியாது. அண்ணாச்சிக்கும் பெயரளவிலேயே தெரிந்திருக்கும். வேலையினின்று நீங்கும்பொழுது ஊழியப் பலன் வழங்கும் பணிக்கொடைச் சட்டம் 1972-இல் வந்தது. ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கே அது பொருந்திற்று. தமையனாருடன் வேலை செய்தவர் மூவரே. ஆதலின் அதுவும் அவரை எட்டவில்லை. மத்திய அரசு 2019, 2020-ஆம் ஆண்டுகளில் பல தொழிற்சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி இயற்றிற்று. அவற்றை இங்கு விரிக்கப் புகின் உங்கள் இராவுணவு ஆறிப்போகும்.

உண்மையில் கடைகளை மாற்றியது சட்டமன்று. பள்ளிக்கூடமே என்பது எம் துணிபு. காமராசர் காலத்தில் 1956-ஆம் ஆண்டு மதிய உணவு பள்ளிகளில் விரிந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாகப் பெருக்கினர். சிற்றூர்ப் பிள்ளைக்குப் பள்ளியிலேயே சோறு கிடைத்தபின் சோற்றுக்காகக் கடைக்கு அனுப்ப வேண்டிய நிலை மெல்லக் குறைந்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமும், பதினான்கு வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைத்தலைத் தடுத்த 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும் பின்னர் வந்தன. எம் மாணாக்கர் இன்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பொறியியலுக்கோ செவிலியர் பயிற்சிக்கோ செல்கின்றனர். "வாத்தியார்களே எங்கள் கடைக்கு ஆள் வராமல் செய்துவிட்டீர்கள்" என்று ஒரு முதலாளி எம்மிடம் பாதி விளையாட்டாகவும் பாதி சினமாகவும் கூறினர். அக்குற்றத்தை மனமார ஒப்புக்கொள்கின்றேம். அவர் மகனும் எம்மிடம் படித்தவனே. அவனும் கடைக்கு வரவில்லை.

ஆகவே இன்று கடையில் நிற்பவர் யார்? பெருங்கடைகளில் நம் சிற்றூர்ப் பெண்மக்கள். சிறு கடைகளிலும் உணவுக்கடைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் நாட்டு இளைஞர். இவர்க்கும் முதலாளிக்கும் மாமன் மைத்துனன் முறை இல்லை, மொழியும் ஒன்றன்று. பழைய உறவு அறவே நீங்கிய இடம் இது. ஒரு மாலை, எம் தெருக்கடையில் ஒடிசா இளைஞர் ஒருவர் முதலாளியை "அண்ணாச்சி" என்று அழைக்கக் கேட்டேம். அச்சொல்லின் பொருள் தெரியுமா என்றேம். தெரியும், 'ஓனர்' என்றார். எம் சொல்லாராய்ச்சி முழுவதும் அவ்விடத்தில் தோற்றது.

அவ்விளைஞரிடத்தில் நம்மவர் நடந்துகொள்வது இருவகைப்படுகின்றது. முறையில்லாதவன் என்பதால் கடுமையாக நடத்துவோர் சிலர் உளர். அவரை யாம் அறிவேம், அவரும் தம்மை அறிவர். முறையில்லாமையாலேயே கணக்கைச் செம்மையாக வைத்துக்கொண்டோர் வேறு சிலர். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்ப் படங்கள் செல்பேசிகளில் பரவின. அச்சங்கொண்டு பலர் ஊர் திரும்பினர். எமக்குத் தெரிந்த கடையொன்றில் மூவருள் ஒருவரும் செல்லவில்லை. ஏன் என்று வினவினேம். மாதந்தோறும் ஐந்தாம் நாள் சம்பளம் வங்கியில் விழுகின்றது, அதனை ஊரில் தாயார் எடுக்கின்றனர், ஆதலின் பொய்ச்செய்தி வந்தபொழுது தாயார் முதலில் நினைத்தது அந்த ஐந்தாம் நாளைத்தான் என்று அவருள் ஒருவர் கூறினர். அன்பினால் நின்றாரா பணத்தினால் நின்றாரா என்று பிரித்துப் பார்க்க எமக்குத் தெரியவில்லை.

முதலாளிமார் குறையையும் கூறவேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு மறுநாள் செல்பேசியை அணைத்துவிடுவோர் உளர். தீபாவளிக்கு முதல் வாரம் சொல்லாமல் அடுத்த கடைக்குச் செல்வோர் உளர். இரண்டு ஆள் வைத்த சிறு கடைக்காரர் தாமே காலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு பதினொரு மணிக்கு அடைக்கின்றார்; அவர்க்கு வாரவிடுமுறை கொடுப்பார் யார்? பெருங்கடையும், வீட்டு வாயிலுக்கே பொருள் கொண்டுவந்து கொடுக்கும் நிறுவனங்களும் அவர் வாணிகத்தை இரு பக்கமும் அரிக்கின்றன. இத்தகையவரைப் பெருமுதலாளியோடு ஒரே தட்டில் வைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆயின் அவர் வருத்தம் அவர் ஊழியரின் கால்வலியைக் குறைப்பதில்லை.

கால்வலி என்றமையால் நாற்காலிக்கு வருகின்றேம். துணிக்கடைகளில் பெண்மக்கள் நாள் முழுதும் நின்றே வேலை செய்கின்றனர். வாங்குவோர் இல்லாத பிற்பகலிலும் அமர விடுவதில்லை. அமர்ந்திருந்தால் கடைக்கு மதிப்பில்லை என்பது காரணமாம். 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' என்னும் படத்தை எம் வீட்டில் பார்த்தபொழுது, தென்னாட்டுச் சிற்றூர்களிலிருந்து துணிக்கடைக்குச் சென்றவர் படும் பாட்டைக் கண்டு தமையனார் பாதியிலேயே எழுந்து திண்ணைக்குச் சென்றுவிட்டார். கேரளத்தில் 2018-ஆம் ஆண்டு இதற்குச் சட்டத்திருத்தம் செய்தனர். தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு, முன்னே கூறிய 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்த்தனர். ஊழியர் எல்லார்க்கும் இருக்கை இருத்தல் வேண்டும், வேலையினிடையே அமர வாய்ப்பு நேர்ந்தால் அமரலாம் என்பது அதன் கருத்து. மனிதன் அமர்வதற்கு ஒரு சட்டப்பிரிவு தேவைப்பட்டதை நினைந்தால் நகைப்பும் வருகின்றது, நாணமும் வருகின்றது. சென்ற திங்களில் நம் சங்கத்து உறுப்பினர் கடைகள் பன்னிரண்டிற்கு யாம் நேரிற் சென்று பார்த்தேம். ஐந்தில் இருக்கை இருந்தது. ஒன்றில் இருக்கைகள் இருந்தன, ஆனால் அட்டைப்பெட்டிகள் அவற்றின்மேல் அமர்ந்திருந்தன. ஏனைய ஆறனையும்பற்றி இங்குக் கூறவில்லை, அவரவர்க்குத் தெரியும்.

இனிச் சங்கத்தை வேண்டுவன. கடை எத்துணைச் சிறியதாயினும் ஊழியர் ஒவ்வொருவர்க்கும் பேரேட்டில் தனிப்பக்கம் வேண்டும்; அதன் படி ஒரு சிறு புத்தகமாக அவர் கையிலும் இருத்தல் வேண்டும். சம்பளம் குறித்த நாளில் வங்கியில் சேர வேண்டும். முன்பணம் கொடுத்தால் இருவரும் கையொப்பமிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இது முதலாளிக்கும் காப்பு. உறவினர் பிள்ளைக்கு இவையெல்லாம் எதற்கு என்பீராயின், உறவினர் பிள்ளைக்கே முதலில் வேண்டும் என்பேம். மற்றவன் கேட்டுவிடுவான், உறவினன் கேட்கமாட்டான்.

இன்னொன்று சற்றுக் கடுமையானது. நம் சங்கத்தின் செயற்குழுவில் ஊழியர் ஒருவரும் இதுகாறும் அமர்ந்ததில்லை. முதலாளிக்கும் ஊழியனுக்கும் வழக்கு வந்தால் முதலாளிமாரே கூடி முடிவுகூறுகின்றனர். சந்தா இருவரிடத்தும் வாங்குகின்றோம். பின்வரிசையினின்று இருவரையேனும் வழக்குக் குழுவில் சேர்த்தல் வேண்டும் என்று யாம் ஒரு தீர்மானம் எழுதித் தலைவரிடம் கொடுத்துள்ளேம். அதனை இன்றே எடுத்துக்கொள்வதோ அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைப்பதோ அவையின் விருப்பம். ஒத்திவைத்தால் அடுத்த கூட்டத்திலும் யாம் எழுந்து நிற்போம் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவிக்கின்றேம்.

கணக்குப் புத்தகத்திற்குரிய படிவத்தை ஒரே பக்கத்தில் அடங்குமாறு எளிய தமிழில் எழுதியுள்ளேம். அஞ்சலகத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் அதனை இந்தியில் பெயர்த்துத் தந்தனர். இரண்டும் அச்சிட்டு வாயிலருகே மேசைமேல் வைக்கப்பட்டுள்ளன. விலை இல்லை. எம் தமையனார் இப்பொழுது எம் ஊர்ச் சந்தைத் தெருவில் சிறு கடை நடத்துகின்றார். ஆள் இருவர், ஒருவர் எம் சிற்றன்னை மகன், மற்றவர் பீகார் நாட்டவர். தமக்கு வேண்டிய இரண்டு படிவங்களை, தமிழில் ஒன்றும் இந்தியில் ஒன்றுமாக, கூட்டம் தொடங்குமுன்னரே அவர் எடுத்துக்கொண்டார்.